நகத்தளவு உ

எனக்கு வாய் நீளம். விராலிமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். பெயர் ரஞ்சிதா. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினோரு வருஷமாக ஆபீஸ் பொறுப்பு. டோக்கன் போடுவது, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது, வேலை செய்கிறவர்களை விரட்டுவது எல்லாம் நான்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு மிதப்பு இருந்தது. அந்த மிதப்பு ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லக் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. எங்கள் பின் அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. டோக்கன், நோயாளி விவரம், பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள்தான். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெரிய பிரிண்டர். யார் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் சர்வர் வழியாகத்தான் அதற்குப் போகும். காலை ஆறரைக்கே சர்க்கரை பார்க்கிறவர்கள் வெறும் வயிற்றோடு வந்து நின்றுவிடுவார்கள். ரத்தம் கொடுக்கும்வரை அவர்களால் ஒரு வாய் காபி குடிக்க முடியாது. அவர்களுக்கு டோக்கன் சட்டென்று கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த வாரத்திலிருந்து, ஏழரை மணிக்கு முந்தைய நாள் ரிப்போர்ட்டுகளைப் பிரிண்ட் எடுக்கத் தொடங்கியதும் சர்வர் படுத்துவிடும். என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு டோக்கனுக்கு மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம். எதிரே பசித்த முகங்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. சர்வரை அணைத்துப் போட்டேன். வயரை மாற்றினேன். புது டோனர் போட்டேன். பூஜைக்குப் பூசிய சந்தனம் பிரிண்டருக்குள் இறங்கியிருக்குமோ என்று உள்ளே துடைத்தேன். வைரஸ் இருக்கிறதா என்று ஒரு பகல் முழுக்கத் தேடவிட்டேன். ரத்தம் எடுக்கும் கோபிநாத், "கண்ணு பட்டுருச்சுக்கா" என்று பிரிண்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான். எதற்கும் அது மசியவில்லை.

ரிப்போர்ட் கவுண்டரில் இருந்தவள் ஜாஸ்பின். ஆவூர்ப் பெண், இருபத்து நாலு வயது. தினமும் பஸ்ஸில் வருவாள். பூஜைக்கு ஒரு வாரம் முன்னால்தான் சேர்ந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேலையில் தவறு வராது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் கத்தினால் மற்றவர்கள் பதறுவார்கள். அவள் "சரிங்க்கா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். இருபத்தோராவது டோக்கனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு பெரியவர் வியர்த்துப்போய்ப் பெஞ்சில் படுத்துவிட்டார். அவருடைய மகன், "என்னம்மா லேபு நடத்துறீங்க?" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டான். எனக்கு வந்ததே கோபம்! பின் அறைக்கு ஓடி, பிரிண்டருக்காகக் காத்திருக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வரிசையாக ஜாஸ்பின் கம்ப்யூட்டர் பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே நானூறு எம்.பி. ஒரு ரிப்போர்ட் ஒரு எம்.பி. கூட வராது. அப்போதே முடிவு கட்டிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பி வந்தேன்.

"ஏம்மா ஜாஸ்பின், இங்கிட்டு வா. என்னத்த பிரிண்ட் எடுக்குற?"

"ரிப்போர்ட்டுதாங்க்கா."

"நானூறு எம்.பி.க்கு ரிப்போர்ட்டா? யாரு காதுல பூ சுத்துற? போட்டோவா? சர்ச் நோட்டீஸா? ஆவூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து எங்க பிரிண்டர்லதான் ஒன் சொந்த வேலையப் பாப்பியா?"

"இல்லக்கா. நானும் ரெண்டு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பழைய லெட்டர்ஹெட்டுல ஒரு ரிப்போர்ட்டப் போட்டுப் பாத்தேன், ஒடனே வந்துருச்சு. மேல அந்த உ இருக்குறது மட்டுந்தான் நிக்கிது. அந்தப் படத்தக் கொஞ்சம் பாத்தீங்கன்னா…"

அந்த உ நான் வைத்தது. எங்கள் முதலாளி அழகுமலை சாருக்கு எந்தக் காகிதமானாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆயுத பூஜையன்று வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்து விரலால் ஒரு உ எழுதி என்னிடம் கொடுத்தார். "இனிமே எல்லா ரிப்போர்ட்டுலயும் ஒவ்வொரு பக்கத்துலயும் இது வரணும்மா. கையால எழுதுனது மாதிரியே இருக்கணும்" என்றார். முதலாளி கை பட்டதாயிற்றே என்று ஸ்கேனரில் இருக்கிற எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து ஸ்கேன் செய்தேன். கம்ப்யூட்டரில் இருக்கும் லெட்டர்ஹெட்டில் ஒட்டி, இழுத்து இழுத்துச் சிறிதாக்கி, மேலே நடுவில் நகத்தளவுக்கு வைத்தேன். அன்று சார் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார்.

அதைப் போய் நேற்று வந்தவள் குறை சொல்கிறாளே என்று இருந்தது. குறை அல்ல, அவள் கண்டுபிடித்ததைத்தான் சொன்னாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஓகோ. எங்க பிள்ளையார் சுழி ஒனக்குக் கண்ண உறுத்துதோ?"

ஹாலில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வியர்த்துப் படுத்திருந்த பெரியவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜாஸ்பினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் அப்படிச் சொல்லலக்கா."

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? பையை எடுத்துவரச் சொன்னேன். கவுண்டர் மேலேயே திறக்கச் சொன்னேன். டிபன் டப்பா, குடை, ஜெபமாலை, ஒரு பென் டிரைவ். "இதுல என்ன இருக்கு?" என்றேன். "வீட்டு போட்டோக்கா, வேணாங்க்கா" என்றாள். நான் பிடுங்கி என் கம்ப்யூட்டரில் செருகினேன். என் திரையில் தெரிவது அப்படியே ஹாலில் மாட்டியிருக்கும் டோக்கன் டி.வி.யிலும் தெரியும். அது எனக்கு அப்போது ஞாபகம் இல்லை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். ஞாபகம் இருந்தது. தெரிந்தேதான் செருகினேன்.

டி.வி.யில் ஜாஸ்பின் வந்தாள். பட்டுப்புடவையில் நேராக நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஒன்று. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட எடுத்த படங்கள். நாற்பது பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பாத்தீங்களா? இந்தப் படத்தத்தான் பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருந்துருக்கு" என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் அழவில்லை. கவுண்டரைச் சுற்றி வந்து பென் டிரைவைத் தானே உருவினாள். டப்பாவையும் குடையையும் ஜெபமாலையையும் பைக்குள் வைத்தாள். எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிற யாரானாலும் "வாரேன்" என்றுதான் சொல்வார்கள். அவள் "போறேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சாருக்குப் போன் போட்டு, ஆபீஸ் பிரிண்டரில் சொந்தப் படம் எடுத்தாள், கேட்டால் முறைத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். "போனாப் போகட்டும் விடும்மா" என்றார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து மிச்ச ரிப்போர்ட்டுகளை நானே பிரிண்ட் கொடுத்தேன். சர்வர் அதே மாதிரி படுத்துக்கொண்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "அந்தப் பென் டிரைவ்ல வைரஸ் இருந்துருக்கு. போறப்ப விட்டுட்டுப் போயிருச்சு" என்று கோபிநாத்திடம் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

புதன்கிழமை மதியம் புதுக்கோட்டையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் எழிலரசன் வந்தார். அமைதியான ஆள். ஒரு ரிப்போர்ட்டைப் பிரிண்ட் கொடுக்கச் சொல்லி, சர்வரில் எதையோ திறந்து பார்த்தார். பிறகு என் லெட்டர்ஹெட்டைத் திறந்தார். மேலே இருந்த உ மேல் அமுக்கி, ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது பெரிதாகிக்கொண்டே போனது. திரை முழுக்க மஞ்சள். காய்ந்த மஞ்சளில் விழுந்த வெடிப்பு தெரிந்தது, சாரின் விரல் ரேகை தெரிந்தது, காகிதத்தின் நார் தெரிந்தது.

"யாருங்க இத வச்சது?"

"தெரியலங்க. ஏன்?"

"இந்தத் துணுக்கு எழுத்து நூறு எம்.பி.ங்க. நாலு பக்க ரிப்போர்ட்டுன்னா நானூறு. படத்தச் சின்னதா இழுத்து வச்சா சின்னதாயிடாது. உள்ள முழுசும் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வர் அத்தனையையும் தூக்கிச் சொமந்துதான் பிரிண்டருக்குக் குடுக்கணும். பாவம், அது என்ன செய்யும்?"

அவர் அந்தப் படத்தைக் குறுக்கி, வேறொரு கோப்பாகச் சேமித்து, திரும்ப வைத்தார். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. நாலு பக்கமும் மளமளவென்று வந்து விழுந்தன. உ அதே இடத்தில், அதே நகத்தளவில், அதே மஞ்சளில் இருந்தது.

"இதுக்கு நான் வந்துருக்கவே வேணாங்க" என்று சிரித்தார். "பழைய லெட்டர்ஹெட்டுல ஒண்ணு போட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள். பார்த்து, என்னிடம் சொல்லியும் இருக்கிறாள். அதற்குத்தான் நான் அவள் சாமியையும் என் சாமியையும் நடுவில் இழுத்து, அவள் பையைத் திறக்க வைத்தேன்.

சாயங்காலம் சார் வந்தார். "என்னம்மா, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். ஏதோ செட்டிங் மாத்துனாங்க."

"பாத்தீங்களா சார்?" என்றான் கோபிநாத். "அந்தப் பொண்ணு போச்சு, சர்வர் பறக்குது."

"ம். மனுசரப் பாத்துச் சேக்கணும்" என்றார் சார்.

என் நீள வாய் அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை. இதற்கு மேல் ஒருத்தி கீழே போக முடியாது என்று நினைப்பீர்கள். போனேன். வெள்ளிக்கிழமை இலுப்பூர் கிளினிக் ஒன்றிலிருந்து போன் செய்தார்கள். ஜாஸ்பின் அங்கே வேலை கேட்டுப் போயிருக்கிறாள். எங்கள் லேபில் இருந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். "பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டார்கள். கோபிநாத் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "நல்ல பொண்ணுதாங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா…" என்று இழுத்துவிட்டு நிறுத்தினேன். "புரியுதுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அந்த "ஆனா" ராத்திரி சோற்றைக்கூட இறங்கவிடவில்லை. சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக இலுப்பூருக்கு நானே போன் செய்தேன். "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லைங்க, முழுக்க என் மேலதான், அதைவிடக் கெட்டிக்காரி ஒங்களுக்குக் கிடைக்கமாட்டா" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "வேற ஆளப் போட்டாச்சேம்மா" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆவூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்பினின் அம்மா வியாகுலமேரி வாசலில் நின்றிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ரஞ்சிதாவா? வாங்க வாங்க, உள்ள வாங்க. ஒங்களப் பத்திச் சொல்லும். அந்த அக்காவுக்குத் தெரியாத வேலையே இல்லம்மான்னு சொல்லும். லேபுல ஏதோ ரிப்பேரு வேல, பத்து நாளு லீவுன்னு சொல்லுச்சு. முடிஞ்சிருச்சா?"

அவள் வீட்டில் எதையும் சொல்லவில்லை. அந்த அம்மா எனக்கு ஃபேனைத் திருப்பி வைத்தார், காபி போட்டுக் கொடுத்தார், "சாப்புட்டுத்தான் போகணும், கோழி அடிக்கிறோம்" என்றார். காபியைக் குடித்தேன். குடிக்கும்போது ஜாஸ்பின் உள் அறை நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். இவ்வளவு பெரிய உடம்பை எங்கே ஒளித்துவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்காவ பஸ் ஏத்திட்டு வாரேம்மா" என்று அவளே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாப்பில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினியர் வந்ததை, உ நூறு எம்.பி. இருந்ததை, நான் மறைத்ததை, இலுப்பூர் போனில் இழுத்ததை. "நீ சொன்னதுதாம்மா சரி. நான் பேசுனதெல்லாம் தப்பு. என்னய மன்னிச்சிரு" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

"இலுப்பூர்ல வேணாம்னு சொன்னது ஒங்களாலதானாக்கா? நான் வேற எதோன்னு நெனச்சேன்."

"சார்கிட்டச் சொல்லி ஒன்னயத் திரும்பக் கூப்புடச் சொல்றேம்மா. நாளைக்கே வந்துரு."

"வேணாங்க்கா. அந்த டி.வி.க்குக் கீழ என்னால ஒக்கார முடியாது." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "நாப்பது பேரு முன்னாடி என்னயப் பேசுனீங்க. மன்னிப்பு மட்டும் யாரும் இல்லாத எடத்துல கேக்குறீங்க பாத்தீங்களா."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். விராலிமலை வரும்வரை சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர், "யாரும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை லேப் திறக்கும் முன்பே சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "நான் எழுதுன உ வா சர்வரப் படுக்க வச்சுச்சு?" என்று அதையேதான் இரண்டு தடவை கேட்டார்.

"உ மேல தப்பு இல்ல சார். நான் வச்ச வெதம் தப்பு. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, நான் கேக்கல. எல்லாருக்கும் முன்னாடி அதச் சொல்லப்போறேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா? லேபுக்குத்தான் கெட்ட பேரு. அந்தப் பொண்ணுக்குப் போன்ல ஒரு வார்த்த சொல்லிட்டு விடு."

"பேசுனது போன்ல இல்லையே சார்" என்றேன். என் வாய் நீளத்துக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு உருப்படியான வேலை அன்றுதான் வந்தது.

ஏழு மணிக்கு ஹாலில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கவுண்டருக்கு வெளியே வந்து நின்றேன். "ஒரு நிமிசம் எல்லாரும் கேளுங்க. போன திங்கக்கெழம இங்க ஜாஸ்பின்னு ஒரு பொண்ண நான் எல்லாருக்கும் முன்னாடி தப்பாப் பேசுனேன். அது எந்தத் தப்பும் செய்யல. தப்பு செஞ்சது நான்தான். பிரிண்டர் கோளாறும் என்னாலதான் வந்துச்சு. நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் அவர்கள் இல்லை. அன்றைக்கு வந்த நாற்பது பேர் யார், எந்த ஊர், இனி எப்போது வருவார்கள், யாருக்குத் தெரியும்? இவர்களுக்கு நான் சொன்னது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா மட்டும் எழுந்தார். "யாரு, டி.வி.ல போட்டோ வந்துச்சே, அந்தத் திருட்டுப் பொண்ணா?"

"திருடலங்க! அது எதையும் எடுக்கல."

"எடுக்கலையா? அப்புறம் எதுக்குப் பையத் தேடுனீங்க?"

"என் திமிருங்க. வேற ஒண்ணுமில்ல."

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தி! நான் எங்க தெரு பூரா சொல்லிட்டேனே. ஆவூருப் பொண்ணு ஒண்ணு லேபுல திருடி மாட்டிக்கிச்சு, போட்டோவ டி.வி.ல போட்டுட்டாங்கன்னு. என் தங்கச்சிய ஆவூருக்குப் பக்கத்துலதான் கட்டிக் குடுத்துருக்கு. அவகிட்டயும் சொன்னேன். அவ யாரு யாருகிட்டச் சொன்னாளோ."

"யம்மா, பேச்ச அப்புறம் வச்சுக்குங்க. டோக்கனப் போடுங்க, பசி காத அடைக்கிது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

கவுண்டருக்குள் போய் உட்கார்ந்தேன். வரிசையாக டோக்கன் போட்டேன். அந்த அம்மாவின் முறை வந்தபோது பெயர், ஊர், வயது கேட்டுப் பதிந்தேன். பிறகு ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு, "தங்கச்சி பேரு என்னங்க? எந்தத் தெரு?" என்று கேட்டேன்.